ஹேங்கரில் பிறந்த சங்கம், பெயிண்டில் வாழும் சங்கம்: நைன்ட்டி நைன்ஸ் பெண் விமானிகள் பற்றி

பனைவெளி:
அமெரிக்காவின் நைன்ட்டி நைன்ஸ் பெண் விமானிகள் சங்கத்தைப் பற்றித் தேடினால் இரண்டே விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, அமீலியா இயர்ஹார்ட் தொடங்கினார் என்ற ஒரு வரி. இரண்டு, உள்ளூர்க் கிளைகளின் படங்கள். எந்தக் கிளையைப் பார்த்தாலும் பெண்கள் கையில் ரோலரோடு விமான நிலையத் தரையில் மண்டியிட்டு ஏதோ வட்டம் வரைந்துகொண்டிருக்கிறார்கள். பறக்கிற சங்கத்துக்குப் பெயிண்ட் வேலை எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

இரும்புத்தும்பி:
முதலில் அந்த ஒரு வரியைத் திருத்திவிடுவோம். அமீலியா முதல் தலைவர், அதுவும் 1931-இல் தேர்தல் நடந்த பிறகு. சங்கம் கூடியது அதற்கு முன்பே. 1929 அக்டோபரில், உரிமம் வைத்திருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரு கடிதம் போனது. நாடு முழுக்கச் சேர்த்தே அப்போது 117 பேர்தான். கையெழுத்துப் போட்டவர்கள் நால்வர்: ஃபே கில்லிஸ், மார்ஜரி பிரவுன், ஃபிரான்சஸ் ஹாரல், நீவா பாரிஸ். நவம்பர் 2 அன்று நியூயார்க் லாங் ஐலண்டில் வேலி ஸ்ட்ரீம் என்ற ஊரின் கர்ட்டிஸ் விமானத் திடலில் 26 பேர் கூடினார்கள். கூட்டம் நடந்தது ஹேங்கருக்குள் (விமானக் கொட்டகை), தேநீர் வந்தது மெக்கானிக்குகளின் டூல் வண்டியில்.

பெயருக்குத்தான் பெரிய சண்டை. 'கொடிகள்', 'சத்தக்காரப் பறவைப் பெண்கள்', 'வீடு திரும்பும் புறாக்கள்' என்றெல்லாம் யோசனைகள் வந்தன. கடைசியில், தொடக்க உறுப்பினர் எத்தனை பேரோ அந்த எண்ணே பெயராகட்டும் என்று முடிவானது. கணக்கு முதலில் 86, பிறகு 97, கடைசியில் 99. அந்தப் பெயர்களுக்கு ஒரு எண் மேல் என்பது என் கருத்து!

நீவா பாரிஸை மறக்கக் கூடாது. அழைப்புக்குப் பின்னால் ஓடியாடி வேலை செய்தவர். 1930 ஜனவரியில் மயாமி விமானப் போட்டிக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்துபோனார், சங்கத்துக்கு வயது மூன்று மாதம் ஆவதற்குள்.

ஒத்தையடி:
117 பேர் நாலா திசையிலும் சிதறிக் கிடந்த காலத்தில் திடீரென்று ஒரு கடிதம் போவானேன்?

இரும்புத்தும்பி:
அதே ஆண்டு ஆகஸ்ட்டில் நடந்த பந்தயம்தான் காரணம், ஒத்தையடி. கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்து ஒஹாயோவின் கிளீவ்லாண்ட் வரை, பெண்களுக்கு மட்டும். 20 பேர் பதிவு செய்தார்கள். தகுதி: தனியாக 100 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 25 மணி நேரம் ஊர் விட்டு ஊர் போனதாக இருக்க வேண்டும். இரவு தங்கிய ஊர்களில் ஒரே கொட்டகையில் உட்கார்ந்து ஒருவர் இயந்திரத்தை மற்றவர் பார்த்த அந்தப் பழக்கம்தான் சங்கத்தின் விதை.

பந்தயத்தில் ஜெயித்த லூயிஸ் தேடன் ஓட்டியது டிராவல் ஏர் நிறுவனத்தின் இருதள (இரட்டை அடுக்கு இறக்கை) விமானம். பந்தயத்துக்கு முன் அந்த விமானத்தில் எக்ஸாஸ்ட் புகை காக்பிட்டுக்குள் இறங்கி அவரை மயக்க நிலைக்குக் கொண்டுபோனது. அந்த நிறுவனத்தின் வால்ட்டர் பீச் செய்த வைத்தியம்: முன்னாலிருந்து காக்பிட் வரை 4 அங்குலக் குழாய் ஒன்றை இழுத்துவிட்டார். அதன் வாயில் மூக்கை வைத்துக்கொண்டே தேடன் நாட்டைக் கடந்தார். அதே பந்தயத்தில் அரிசோனாவில் விழுந்து இறந்த மார்வெல் கிராஸன் ஓட்டியதும் டிராவல் ஏர்தான். அங்கேயும் கார்பன் மோனாக்சைடு விளையாடியிருக்கலாம் என்று பலர் கருதினார்கள். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல் என்று தொடங்கும். விமானிக்குத் தன் நிதானம் தப்புவது தனக்கே தெரியாது. இன்றும் ஒற்றை இயந்திர விமானங்களில் ஹீட்டர் உறைக்குள் இருக்கும் எக்ஸாஸ்ட் குழாய் விரிசல் விட்டால் இதே கதைதான்.

பிளான்ச் நோய்ஸ் டெக்சஸில் பெட்டி வைக்கும் அறை தீப்பிடித்து வெட்டவெளியில் இறக்கி, மண்ணை அள்ளிப் போட்டு அணைத்துவிட்டு மறுபடி கிளம்பினார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பனைவெளி கேட்ட பெயிண்டுக்கு இவர்தான் பதில்.

மேகலா:
அங்கிருந்து நான் தொடர்கிறேன். 1930-களின் அமெரிக்காவில் விமானிக்கு வழி தெரிவது எப்படி? பெரிய தபால் வழித்தடங்களில் விளக்குக் கம்பங்கள் இருந்தன. அந்தத் தடத்தை விட்டு விலகினால் ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். தண்டவாளம் மூன்றாகப் பிரிகிற இடத்தில் மேகம் இறங்கினால் எந்த ஊர் என்றே தெரியாது. கீழே இறங்கி ஸ்டேஷன் பலகையைப் படித்துவிட்டு ஏறியவர்கள் உண்டு.

1935-இல் அரசின் விமானவியல் ஆலோசனைக் குழுவில் இருந்த ஃபீபி ஓம்லி ஒரு திட்டம் போட்டார். (1929 பந்தயத்தின் இலகு விமானப் பிரிவில் ஜெயித்தவர் இவர்.) 15 மைலுக்கு ஒரு கூரை. அந்த வட்டாரத்திலேயே கண்ணில் படுகிற கட்டடமாகப் பார்த்து, பக்கத்து ஊரின் பெயரை அதன்மேல் எழுத வேண்டும். கட்டடமே இல்லாத பொட்டல் என்றால் கல், செங்கல் அடுக்கி வெள்ளையடித்துத் தரையிலேயே எழுத வேண்டும். வேலையில்லாதோருக்கு வேலை தரும் அரசு நிதி கூலியைக் கொடுத்தது.

களத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் பெண் விமானிகள்: லூயிஸ் தேடன், ஹெலன் ரிச்சி, பிளான்ச் நோய்ஸ், நான்சி ஹார்க்னஸ், ஹெலன் மக்ளாஸ்கி. ரிச்சியின் கதை கசப்பு. 1934 இறுதியில் சென்ட்ரல் ஏர்லைன்ஸ் அவரை விமானியாக எடுத்தது. ஆண் விமானிகளின் சங்கம் அவரைச் சேர்க்க மறுத்தது. அடுத்த ஆண்டே வேலையை விட்டார். வந்து சேர்ந்த இடம் கூரை எழுத்து.

இவர்கள் ஏணியில் ஏறிப் பெயிண்ட் அடித்தார்கள் என்று நினைக்காதீர்கள். விமானத்தில் ஊர் ஊராகப் போய் மேயரையும் வணிகர்களையும் சம்மதிக்க வைத்து, கூரையைத் தேர்ந்தெடுத்து, மாநில அரசிடம் விண்ணப்பம் போட வைப்பதுதான் வேலை. 1936 நடுவில் 30 மாநிலங்கள், 16,000 குறிகளுக்கு அனுமதி, சுமார் 10 லட்சம் டாலர். அதே 1936-இல் தேடனும் நோய்ஸும் ஒரு பீச் ஸ்டாகர்விங் விமானத்தில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு 14 மணி 55 நிமிடத்தில் பறந்து, ஆண்களும் போட்டியிட்ட பெண்டிக்ஸ் விமானப் பந்தயக் கோப்பையை வென்றார்கள்.

கணக்குப்பிள்ளை:
மேகலா அக்கா, குறுக்கே ஒரு சந்தேகம். கூரையில் எழுதினால் உண்மையிலேயே மேலிருந்து படிக்க முடியுமா? இல்லை, ஊர்ப் பெருமைக்காகவா?

மேகலா:
நீங்களே கணக்குப் போடலாம் தம்பி. எழுத்தின் உயரம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். 3,000 அடி உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால் அது கண்ணில் சுமார் 14 கலை அளவு பிடிக்கும் (ஒரு பாகைக்கு 60 கலை). கண் டாக்டர் பலகையின் கடைசி நல்ல வரி 5 கலை. ஆக தாராளமாகப் படிக்கலாம். ஆனால் விமானி நேர் கீழே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறார். சாய்வுத் தூரம் 2 கிலோமீட்டர் ஆனால் 6 கலைக்கு இறங்கிவிடும். தட்டையாகக் கிடக்கும் எழுத்து சாய்வில் இன்னும் குறுகும். அதனால்தான் எழுத்தை அகலத்தைவிட நீட்டமாக எழுதுகிறார்கள், கோடும் 2 அடி தடிமனுக்குக் குறையக் கூடாது.

பெயிண்ட் கணக்கு: 12 அடி உயரம், 8 அடி அகலம், 2 அடிக் கோடு என்று வைத்தால் ஆங்கில 'டீ' எழுத்துக்கு 36 சதுர அடி, 'ஈ' எழுத்துக்கு 60 வரை. சராசரி 50. எட்டெழுத்து ஊருக்கு 400 சதுர அடி. சாலைப் பெயிண்ட் ஒரு கேலன் நூறு சொச்சம் சதுர அடிதான் போகும், ஏனென்றால் அது கனமாகப் பூசப்படுவது. ஒரு பூச்சுக்கு 4 கேலன், இரண்டுக்கு 8, அதாவது 30 லிட்டர். சொரசொரப்பான தார்க்கூரை முதல் பூச்சைக் குடித்துவிடும், அதற்கு ஒரு கேலன் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கெடுவது எங்கே என்றால், நெளித் தகரக் கூரையில் நெளிவுக்குக் குறுக்காக எழுதினால் சாய்வில் பாதி எழுத்து மறைந்துவிடும். ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் வடக்கு எது, பக்கத்து விமானத் திடல் எந்தப் பக்கம், எத்தனை மைல் என்று அம்புக்குறியும் போடுவார்கள். அம்புக்குறி தப்பினால் பெயரே இல்லாததைவிட ஆபத்து.

பனைவெளி:
சரி, கூரை எழுத்து புரிந்தது. இப்போதைய படங்களில் தரையில் வட்டமல்லவா இருக்கிறது?

காந்தஊசி:
அது காம்பஸ் ரோஸ், திசைகாட்டியைச் சரிபார்க்கத் தரையில் வரையும் திசைவட்டம். என் பிழைப்பே அதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விமானத்தின் காந்தத் திசைகாட்டி பூமியின் காந்தத்தை மட்டும் பார்ப்பதில்லை. இயந்திரத்தின் இரும்பு, ரேடியோ, கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்ட ஒரு திருகு, எல்லாமே அதை இழுக்கும். எந்தத் திசையில் எவ்வளவு இழுக்கிறது என்று தரையில் விமானத்தைச் சுற்றிச் சுற்றி நிறுத்தி அளப்பதுதான் காம்பஸ் ஸ்விங். அதற்குத் தரையில் நம்பகமான கோடுகள் வேண்டும். சின்ன ஊர் விமானத் திடல்களுக்கு இதைச் செய்ய ஆள் இல்லை. அந்த இடத்தில்தான் நைன்ட்டி நைன்ஸ் கிளைகள் புகுந்தன. திடல்காரர்கள் பெயிண்ட் வாங்கித் தருவார்கள், கிளைப் பெண்கள் வேலையைச் செய்வார்கள், நடுவில் சங்கச் சின்னத்தையும் வரைந்துவிடுவார்கள்.

இடம் தேர்வுதான் பாதி வேலை. அமெரிக்க விதிப்படி கட்டடங்களிலிருந்தும் மின்சார, தொலைபேசிக் கேபிள்களிலிருந்தும் மற்ற விமானங்களிலிருந்தும் 300 அடி தள்ளி. தண்டவாளம், உயர் அழுத்தக் கம்பி மாதிரிப் பெரிய காந்த வில்லங்கங்களிலிருந்து 600 அடி தள்ளி. தளத்துக்குள் கம்பி கட்டிய கான்கிரீட் கூடாது, வடிகால் மூடி இரும்பாக இருக்கக் கூடாது. மண்ணுக்கடியில் பழைய குழாய் புதைந்திருப்பதை யாரும் வரைபடத்தில் காட்டமாட்டார்கள், அதனால் காந்த அளவைக்காரர் வந்து புள்ளி புள்ளியாக அளந்துதான் சான்று தர வேண்டும். அரை பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் இடம் தள்ளுபடி.

ஒத்தையடி:
வடக்கு தெரிந்தால் மீதியை வரைய என்ன கஷ்டம்?

காந்தஊசி:
எந்த வடக்கு என்பதுதான் கஷ்டம். காம்பஸ் ரோஸின் வடக்கு காந்த வடக்கு, வரைபடத்து வடக்கு அல்ல. சென்னையில் இரண்டுக்கும் வித்தியாசம் 2 பாகைக்கும் குறைவு, அதனால் நமக்கு அது உறைப்பதில்லை. நியூயார்க் பக்கம் 12–13 பாகை மேற்கு, சியாட்டில் பக்கம் 15 பாகை கிழக்கு. ஃபோனில் ஜிபிஎஸ் வடக்கைப் பார்த்துக் கோடு போட்டால் வட்டம் முழுக்கக் கோணலாகிவிடும், ஆனால் பார்க்க அழகாகவே இருக்கும். அதுதான் மோசம்.

வரையும் முறை, 10 மீட்டர் ஆரம் என்று வைத்துக்கொள்வோம்:

அளவையர் தந்த மையத்தில் பித்தளை ஆணி அடிக்கவும். இரும்பு ஆணியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்புறம் ஸ்விங் செய்கிறவன் தலையைப் பிய்த்துக்கொள்வான். வட்டத்துக்கு நூல் வேண்டாம், நூல் நீளும். நீளாத கம்பியோ அளவு நாடாவோ பிடித்துச் சாக்பீஸால் சுற்றவும். வடக்கு–தெற்கு விட்டத்தை அளவையரின் குறிகளோடு நூலடித்துப் போடவும். கிழக்கு–மேற்குக்குக் கொத்தனார் மூலை மட்டம் பார்க்கும் 3-4-5 போதும், ஆனால் சின்ன முக்கோணம் வேண்டாம், 6-8-10 மீட்டராக எடுங்கள். சரிபார்க்க, வடக்குப் புள்ளிக்கும் கிழக்குப் புள்ளிக்கும் நேர்த் தூரம் 14.14 மீட்டர் வர வேண்டும். நான்கு பக்கமும் அளந்து பாருங்கள்.

அதன் பிறகுதான் 30 பாகைக் குறிகள். ஒவ்வொரு 30 பாகைக்கும் நாண் நீளம் 5.176 மீட்டர். இதை வடக்கில் தொடங்கி ஒரே ஓட்டமாகப் பன்னிரண்டு முறை சுற்றி அளக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் 1 சென்டிமீட்டர் தப்பினால் கடைசியில் 12 சென்டிமீட்டர், அதாவது 0.7 பாகை. நான்கு திசைப் புள்ளிகளிலிருந்தும் இரண்டு பக்கமும் அளந்தால் பிழை கூடாது.

மேகலா:
பெயிண்ட் பக்கத்தை நான் சேர்க்கிறேன். வட்டக் கோடு 15 சென்டிமீட்டர் அகலம் என்றால் 9.4 சதுர மீட்டர். 4 மீட்டர் நீளத்தில் 12 ஆரக்கோடுகள் 7.2. எண்களுக்கு ஒரு 5. மொத்தம் 22-க்குள். லிட்டருக்கு 2.8 சதுர மீட்டர் என்றால் இரண்டு பூச்சுக்கு 16 லிட்டர், ஆக 20 லிட்டர் வாளி ஒன்று. நடுவில் நீல நட்சத்திரம் ஆசைப்பட்டால் அதற்குத் தனியாக 15 லிட்டர். உலோகத்தூள் கலக்காத பெயிண்டாக இருக்க வேண்டும்.

புதுத் தார்த் தளத்தில் உடனே அடிக்கக் கூடாது. தாரின் எண்ணெய் மேலே ஏறி வெள்ளையை மஞ்சளாக்கும். மாதக் கணக்கில் ஆறவிடுவது நல்லது. காலைப் பனி காய்ந்த பிறகே ஆரம்பிக்க வேண்டும். தளம் தொட்டால் காய்ந்தது போலத் தெரியும், அதன் துளைகளில் ஈரம் இருக்கும், வாரத்தில் உரிந்துவிடும். மாஸ்கிங் டேப்பைச் சொரசொரத் தளத்தில் ஒட்டினால் ஓரத்தில் பெயிண்ட் கசியும். விளிம்பை ரோலரால் அழுத்தி, முதல் பூச்சை டேப்பிலிருந்து உள்நோக்கி இழுக்க வேண்டும். பெயிண்ட் முழுக்கக் காய்வதற்குள் டேப்பை எடுத்துவிடவும். பின்னால் நகர்ந்தபடி வேலை செய்யாவிட்டால் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான், எல்லாக் கிளைக்கும் இது ஒரு முறையாவது நடக்கும்.

எல்லாவற்றுக்கும் முன், அந்த டேக்ஸிவே (விமானம் தரையில் நகரும் பாதை) மூடியிருக்கிறது என்று திடல் நிர்வாகம் நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு) போட்டதா என்று பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
வரைந்த பிறகு அதில் விமானத்தை எப்படி நிறுத்துவது? சக்கரத்தைக் கோட்டில் வைத்தால் போதுமா?

காந்தஊசி:
போதாது. விமானத்தின் நடுக்கோட்டில் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு இடத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு, இரண்டும் கோட்டின் மேல் விழ வேண்டும். குண்டுகளுக்கு இடையே 5 மீட்டர் இருந்து ஒன்று 5 சென்டிமீட்டர் விலகினாலே அரை பாகைக்கு மேல் பிழை. வால்சக்கர விமானம் என்றால் வாலைத் தூக்கிப் பறக்கும் மட்டத்துக்குக் கொண்டுவரணும். இயந்திரம் ஓடணும், பறக்கும்போது எந்த மின்கருவிகள் ஓடுமோ அவை ஓடணும்.

வடக்கில் நிறுத்தி, திசைகாட்டியில் உள்ள வடக்கு–தெற்குத் திருகைத் திருப்பி ஊசியைச் சரியாக வடக்குக்குக் கொண்டு வா. கிழக்கில் கிழக்கு–மேற்குத் திருகு, அதேபோல. தெற்கில் எவ்வளவு தப்புகிறதோ அதில் பாதியை மட்டும் எடு. மேற்கிலும் பாதி. பிறகு திருகைத் தொடாமல் 30 பாகைக்கு ஒரு முறை நிறுத்தி அளவை எழுதி, அந்த அட்டையைத் திசைகாட்டிக்குக் கீழே ஒட்டணும். எந்தத் திசையிலும் 10 பாகையைத் தாண்டக் கூடாது. திருகுளி பித்தளையாக இருக்கணும். இரும்புத் திருகுளியோடு வந்தால் ஊசி உன்னைத்தான் பார்க்கும். பாதியை மட்டும் எடுப்பது ஏன் என்று பலர் கேட்பார்கள்: முழுதாக எடுத்தால் தெற்கு சரியாகும், வடக்கு அத்தனையும் கெடும்.

தெற்குவாசல்:
நல்ல இழை. ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போகிறது. இந்தச் சங்கக் கதையில் கறுப்பினப் பெண்கள் எங்கே?

இரும்புத்தும்பி:
நியாயமான கேள்வி. பெஸ்ஸி கோல்மன் 1921-இல் பிரான்ஸ் போய்த்தான் உரிமம் வாங்க முடிந்தது, 1926-இல் இறந்துவிட்டார், சங்கம் பிறப்பதற்கு மூன்று ஆண்டு முன். சிகாகோ பக்கம் கறுப்பின விமானிகள் சேலஞ்சர் ஏர் பைலட்ஸ் அசோசியேஷன் என்று தனியாகவே ஒரு சங்கம் வைத்தார்கள், ஆணும் பெண்ணுமாக. ஏனென்றால் மற்றத் திடல்களில் அவர்களை இறங்க விடவில்லை. ராபின்ஸ் என்ற ஊரில் தாங்களே ஓடுதளம் போட்டார்கள். அதன் உறுப்பினரான ஜேனட் ஹார்மன் 1943-இல் டஸ்கீகியில் பறக்கும் தேர்வை முடித்தும் தேர்வாளர் வணிக உரிமம் தர மறுத்தார். சிகாகோவுக்குத் திரும்பி அங்கே வாங்கினார். உள்ளூர்ப் பெண் விமானிகள் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தச் சங்கத்தையும் பக்கத்தில் வைத்து எழுதாவிட்டால் அது பாதி வரலாறுதான். நைன்ட்டி நைன்ஸுக்குள் 1930-களில் வந்த கேத்தரின் சியுங், சீன வம்சாவளியினர், 1932-இல் உரிமம் பெற்றவர்.

போர்க்காலம் தனி இழைக்கு உரியது. கூரை எழுத்துக் குழுவில் இருந்த நான்சி ஹார்க்னஸ்தான் பிறகு நான்சி லவ் என்ற பெயரில் 1942-இல் ராணுவத்துக்கு விமானம் கொண்டு சேர்க்கும் பெண்கள் படையை அமைத்தார் என்பதை மட்டும் சொல்லி விடுகிறேன்.

பனைவெளி:
கடைசியாக ஒன்று. அந்த 1930-களின் கூரை எழுத்துகள் இப்போது இருக்கின்றனவா?

மேகலா:
பேர்ல் ஹார்பருக்குப் பிறகு எதிரி விமானத்துக்கும் அது வழிகாட்டும் என்று அழிக்கச் சொன்னார்கள். ஊர் ஊராகப் போய் எழுத வைத்த அதே நோய்ஸ், சுமார் 13,000 இடங்களைக் கறுப்படிக்கும் வேலையையும் செய்தார். போர் முடிந்ததும் திரும்ப எழுத வைக்கவும் அவரேதான் ஓடினார். 30 ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையிலேயே இருந்தார். நைன்ட்டி நைன்ஸ் கிளைகள் எழுத்து வேலையைக் கையில் எடுத்துக்கொண்டது இந்த வழியில்தான், பிறகு தரைக்கு இறங்கிக் காம்பஸ் ரோஸ் ஆனது.

காந்தஊசி:
அழிப்பது பற்றி ஒரு குறிப்பு, புதுக் கிளை யாராவது படித்தால் உதவும். காந்த வடக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் ரோஸ் பக்கத்திலேயே அளந்த தேதியையும் ஆண்டுக்கு எவ்வளவு நகர்கிறது என்பதையும் எழுத வேண்டும், 5 ஆண்டுக்கு ஒரு முறை மறு அளவை செய்ய வேண்டும். கோடு தப்பிவிட்டது என்றால் அதன்மேல் கறுப்பு அடித்து மூடாதீர்கள். பழைய பெயிண்டின் தடிமன் அடியில் அப்படியே இருக்கும், மழை பெய்து சாய்ந்த வெயில் பட்டால் இரண்டு வட்டமும் தெரியும், விமானி எதில் நிறுத்துவான்? உயர் அழுத்தத் தண்ணீர் அடித்துச் சுரண்டி எடுத்துவிட்டு, தளம் காய்ந்த பிறகு மையத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.